குடும்பத்தோடு சென்னைக்கு: வாடகையை விட முக்கியமான கணக்குகள்

சென்னைக்குக் குடிவரும் குடும்பங்களில் பெரும்பாலானவை குடியேறுவது அதன் புறநகரில்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இதைச் சொல்கிறது. 2001-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 7 சதவீதம்தான் கூடியது. அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுமார் 39 சதவீதமும், திருவள்ளூர் மாவட்டத்தில் சுமார் 35 சதவீதமும் கூடியது. ஊருக்குள் இடம் தீர்ந்து, வாடகையும் ஏறிவிட்டதால், புதிதாக வந்தவர்கள் ரயில் பாதைகளையும் நெடுஞ்சாலைகளையும் ஒட்டி வெளியே நகர்ந்தார்கள்.

அரசின் எல்லைக்கோடுகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 2011-ல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் தனி மாநகராட்சிகள் ஆயின. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. இந்த எல்லைகள் குடிவருபவரின் அன்றாட வாழ்க்கையைத் தொடுகின்றன. ஒரே சாலையின் ஒரு பக்கம் மாநகராட்சியாகவும் மறுபக்கம் ஊராட்சியாகவும் இருக்கும் இடங்கள் புறநகரில் உண்டு. பாதாளச் சாக்கடை இருக்கிறதா, கழிவுநீர்த் தொட்டிக்கு லாரி கூப்பிட வேண்டுமா, குழாயில் மெட்ரோ வாட்டர் வருமா, போர் தண்ணீர் மட்டும்தானா, குப்பை வண்டி தினமும் வருமா என்பதெல்லாம் வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே வீடு தேடுபவர் தெருப்பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது உள்ளாட்சியின் பெயர்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் முதலில் பார்ப்பது வாடகை. குடும்பத்தின் நிம்மதியைத் தீர்மானிப்பவை பயணம், தண்ணீர், மழை, பள்ளி ஆகிய நான்கும். இந்த நான்கையும் கணக்குப் போட்ட பிறகு வாடகையைப் பார்ப்பதே சரியான வரிசை.

திசைக்கு ஒரு சென்னை

சென்னையின் புறநகர் ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு விதமாக வளர்ந்தது. தெற்கே ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் அருகருகே ஓடுகின்றன. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று செங்கல்பட்டு வரை குடியிருப்புகள் நீண்டுகொண்டே போகின்றன. திருச்சி, மதுரை, நெல்லை பக்கமிருந்து எழும்பூருக்கு வரும் ரயில்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. தென்மாவட்டங்களுக்கான பேருந்துகள் புறப்படும் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்துத் திறக்கப்பட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்வரும் தென்மாவட்டக் குடும்பங்களுக்கு இந்தப் பகுதி தோதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மேற்கே அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் ஆகியவை அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆகியவற்றை ஒட்டி வளர்ந்த பகுதி இது. தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறையாக வாழும் ஊர்கள் என்பதால் பள்ளி, சந்தை, மருத்துவமனை எல்லாம் பழையவை, பழகியவை. கோவை, சேலம் பக்கமிருந்து சென்ட்ரலுக்கு வரும் ரயில்கள் இந்தப் பாதையில் வருகின்றன.

தென்மேற்கே போரூர், மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி ஆகியவை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் நடுவில் அமைந்தவை. தென்கிழக்கே ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் தரமணி டைடல் பார்க் 2000-ல் திறந்தது முதல் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் வரை கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி ஆகியவை துறைமுகம், அனல்மின் நிலையம், தொழிற்சாலைகள் சார்ந்த பகுதிகள். அங்கே வாடகை குறைவு. மணலியைச் சுற்றிய காற்று மாசு பற்றிக் குடியிருப்போர் நீண்ட காலமாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளையோ பெரியவரோ வீட்டில் இருந்தால் இதை மறந்துவிடக் கூடாது.

பயணக் கணக்கு

குடும்பத்தில் யார் யார், எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதே வீடு தேடலின் முதல் வேலை. கணவருக்கு ஒரகடத்தில் வேலை, மனைவிக்குத் தரமணியில் வேலை, பிள்ளைக்கு மேடவாக்கத்தில் பள்ளி என்றால் மூவருக்கும் பொதுவான இடம் ஒன்றைத்தான் தேட வேண்டும். ஒருவருடைய அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டு, மற்ற இருவரையும் சாலையில் விட்டுவிடும் குடும்பங்கள் ஆண்டு முடிவதற்குள் மறுபடி வீடு மாறுகின்றன.

தொலைவைக் கிலோமீட்டரில் அளந்தால் சென்னையில் ஏமாற வேண்டிவரும். மணிக்கணக்கில்தான் அளக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய் வாடகை குறைகிறது என்று தள்ளிப் போகும் ஒருவர் தினமும் கூடுதலாக இரண்டு மணி நேரம் பயணம் செய்தால், மாதம் 25 வேலை நாளுக்கு 50 மணி நேரம் போகிறது. அது ஏறக்குறைய ஆறு முழு வேலை நாள். பெட்ரோலும் ஷேர் ஆட்டோவும் தனிச் செலவு. பிள்ளைகள் விழித்திருக்கும்போது அப்பாவோ அம்மாவோ வீட்டில் இல்லாமல் போவது எந்தக் கணக்கிலும் வராத இழப்பு.

சென்னையில் நேரத்துக்கு ஓரளவு உத்தரவாதம் தருவது தண்டவாளம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கியது. இன்று கடற்கரை–செங்கல்பட்டு, சென்ட்ரல்–அரக்கோணம், சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி, கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் என நான்கு புறநகர்த் தடங்கள் இருக்கின்றன. மாதாந்திர சீசன் டிக்கெட் எடுத்தால் பயணச் செலவு மிகக் குறைவு. மெட்ரோ ரயில் 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே தொடங்கியது. இப்போது விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரையிலும், சென்ட்ரலிலிருந்து பரங்கிமலை வரையிலும் ஓடுகிறது. கட்டணம் கூடுதல், கூட்டம் குறைவு, குளிர்சாதன வசதி உண்டு.

ரயில் இல்லாத பெரிய புறநகர் ஓ.எம்.ஆர். மாதவரம்–சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என்ற மூன்று வழித்தடங்களில் மெட்ரோவின் இரண்டாம் கட்டம் திட்டமிடப்பட்டு, பகுதி பகுதியாக வேலை நடந்துவருகிறது. "மெட்ரோ வரப்போகிறது" என்று சொல்லி வீடு காட்டும் புரோக்கர்கள் இந்தப் பாதைகளில் அதிகம். குடிவரும் குடும்பம் நாளைக் காலையில் வேலைக்குப் போக வேண்டும். இன்று ஓடும் ரயிலையும் பேருந்தையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

பேருந்து விஷயத்தில் பெண்களுக்கு ஒரு நன்மை உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டுவேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் போகும் பெண்களின் கையில் இதனால் மாதந்தோறும் ஒரு தொகை மிஞ்சுகிறது. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அத்தகைய பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று நிறுத்தத்தில் நின்று பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர்

சென்னைக்கு வற்றாத ஆறு இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் தேங்கும் மழைநீரும், ஆந்திரத்திலிருந்து கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீரும், 2004 முதல் குழாய் வழியாக வரும் வீராணம் ஏரி நீரும், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும்தான் நகரத்தின் தாகத்தைத் தீர்க்கின்றன. பருவமழை பொய்த்தால் நிலைமை தலைகீழாகும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

மாநகராட்சியின் பழைய வார்டுகளில் குழாய் இணைப்பு இருக்கும். புறநகரில் பல இடங்களில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும்தான். குளிக்க, துவைக்க ஒன்று, சமைக்க, குடிக்க இன்னொன்று என்று இரண்டு தண்ணீருக்குச் செலவு செய்ய வேண்டிவரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கோடைக்கால லாரிச் செலவு மெயின்டனன்ஸ் கட்டணத்தில் ஏறும். அதனால் கடந்த ஏப்ரல், மே மாதங்களில் எவ்வளவு வாங்கினார்கள் என்று சங்கத்திடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையின் அகலத்தைப் பார்ப்பதற்கு முன் குளியலறைக் குழாயின் வாயைப் பார்க்கலாம். அதைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் படிந்திருந்தால், வாளியின் உட்புறம் சொரசொரப்பாக இருந்தால், கெய்சரில் பொருக்குத் தட்டியிருந்தால் அது கடின நீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகத் தாமதமாகும், தலைமுடி பற்றிய புலம்பல் வீட்டில் தொடங்கிவிடும். குடிநீரில் கரைந்திருக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். இதை அளக்கும் சிறு கருவியைத் தண்ணீர் சுத்திகரிப்பான் விற்பவர்கள் வைத்திருப்பார்கள். சம்ப் எவ்வளவு பெரியது, மோட்டாரை யார் போடுவது, எத்தனை வீட்டுக்கு ஒரு தொட்டி என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். குடிவந்த பிறகு அண்டை வீடுகளோடு வரும் சச்சரவுகளில் பல இந்த மோட்டாரில்தான் தொடங்கும்.

மழை

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் முதல் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன.

இதன் காரணம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தென்சென்னையின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து கடைசியில் சேரும் இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலம். பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த அந்தச் சதுப்பு, குப்பைக் கிடங்காலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் சுருங்கிப்போனது. எஞ்சிய பகுதி 2022-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீர் தங்கிய இடத்தில் வீடு வந்துவிட்டதால், மழை வரும்போதெல்லாம் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிவாசிகள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். முந்தைய ஆண்டுகளில் பட்ட பாடு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முன்னெச்சரிக்கை அது.

கோடையில் வீடு பார்ப்பவருக்கு இது எதுவும் கண்ணில் படாது. வீட்டு உரிமையாளரிடம் கேட்பதை விடத் தெருமுனை மளிகைக்கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். 2015-ல் தண்ணீர் எது வரை வந்தது என்று கேட்டால், முட்டி வரை, இடுப்பு வரை என்று கையால் காட்டுவார்கள். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு, புதிதாக உயர்த்திக் கட்டிய வாசற்படி, சாலையை விடத் தாழ்ந்திருக்கும் வாசல், கீழ்த்தளத்தில் உயரத்தில் ஏற்றப்பட்ட மின்சார மீட்டர் ஆகியவற்றைக் கண்டால் மழைக்காலத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். வயதானவர்களுக்காகத் தரைத்தளம் தேடும் குடும்பங்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

வாடகையும் ஒப்பந்தமும்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மாத வாடகை 15,000 ரூபாய் என்றால் ஒன்றரை லட்சம் ரூபாய் கையில் இருந்தால்தான் சாவி கிடைக்கும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகை முறைப்படுத்தல் சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அதன்படி அதே வீட்டுக்கு 45,000 ரூபாய் போதும். "ஒப்புக்கொள்ளாதவரை" என்ற இடைவெளி இருப்பதால் பேரம் பேசத்தான் வேண்டும். சட்டம் தெரிந்திருந்தால் பேரத்தில் தயங்காமல் பேசலாம்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து வாடகைதாரரை வெளியேற்ற உரிமையாளருக்கு அனுமதி இல்லை. வீட்டுக்குள் வருவதற்கும் முன்னறிவிப்பு தேவை. ஒப்பந்தத்தில் வாடகை எப்போது, எவ்வளவு ஏறும், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, வெள்ளையடிக்கும் செலவுக்கு அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்ற நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். குடிவரும் நாளில் சுவர், குழாய், கதவு, மின்விசிறி எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைத்தால், காலி செய்யும் நாளில் வாக்குவாதம் குறையும்.

மின்சாரம் தனிக் கவனம் கேட்கும் விஷயம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கு வரும். ஒரே இணைப்பிலிருந்து பல வீட்டுக்குப் பிரித்துக்கொடுத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலித்தால் அது போய்விடும். மாத வாடகையில் சில நூறு ரூபாய் குறைத்துக் காட்டும் வீடுகளில் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பத்தினர் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் டு-லெட் போர்டுகள் நீண்ட நாள் தொங்கும், பேரத்துக்கு இடமிருக்கும். ஆடியில் வீடு பார்த்துப் பேசி முடித்து, ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சிக் குடிபோகும் குடும்பங்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மே மாதத்தை விட்டால் வழியில்லை. அப்போது எல்லோரும் மாறுவதால் வாடகையும் லாரிக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். ஊருக்குள்ளேயே மாறுவதற்குக் குட்டியானை போதும். வெளியூரிலிருந்து வரும் சாமானுக்குப் பொருள் பட்டியல், மொத்தத் தொகை, ஏற்று இறக்குக் கூலி, காப்பீடு ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

பள்ளி

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளையை நடுவில் ஊர் மாற்றாமல் இருப்பது நல்லது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 9-ம் வகுப்பிலும் 11-ம் வகுப்பிலும் மாணவர் பெயர் வாரியத்தில் பதிவாகிவிடும். பெற்றோரின் பணிமாற்றம் போன்ற காரணம் இல்லாமல் 10, 12-ம் வகுப்புகளில் நேரடியாகச் சேர்ப்பது கடினம். குடும்பம் ஓராண்டு பொறுத்து வருவதோ, பிள்ளையைத் தாத்தா பாட்டியுடன் ஊரில் விட்டு வருவதோ அப்போது மேலானது.

அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சென்னைக்கு வந்ததும் தனியார் பள்ளியில் சேர்க்கும் ஆசை பல பெற்றோருக்கு உண்டு. அதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் அரசுப் பள்ளிப் படிப்பு முக்கியத் தகுதி. எட்டாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது இவை கைநழுவிப் போகலாம். மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு. பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளியை நேரில் போய்ப் பார்த்து, தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு முடிவெடுப்பதே பிள்ளைக்குச் செய்யும் நியாயம்.

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எமிஸ் எனப்படும் மாணவர் பதிவு எண் ஆகியவற்றைப் பழைய ஊரிலிருந்து கிளம்பும்போதே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி தன் எமிஸ் பட்டியலிலிருந்து பிள்ளையின் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவு பார்க்கப்படும். ஆகவே முகவரிச் சான்று முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

முகவரி மாற்றம்

முதலில் மாற்ற வேண்டியது ஆதார் முகவரி. மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரமாகக் கேட்கப்படுகிறது. பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இருந்தால் இந்த வேலை எளிது. ரேஷன் அட்டையைப் பொறுத்தவரை 2020 அக்டோபர் முதல் கைரேகை வைத்து வேறு கடையிலும் பொருள் வாங்க முடியும் என்பதால் முதல் மாதமே பதற வேண்டியதில்லை. நிரந்தரமாகத் தங்குவதானால் அட்டையைப் புதிய கடைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்துக்குப் படிவம் 8.

சமையல் எரிவாயு இணைப்பை ஊர் விட்டு ஊர் மாற்றும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியிடம் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, மாற்றுச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக் காட்டிப் புதிய இடத்தில் அப்போதைய வைப்புத்தொகையைக் கட்டி இணைப்புப் பெறலாம். சிலிண்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவது ஆபத்து, விதிக்கும் புறம்பானது.

வீட்டில் இருப்பவர்கள்

வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகத்தில் பேச ஆள் கிடைப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். ஊரிலிருந்து கூட்டிவரப்பட்ட பெற்றோரும், வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்த பெண்ணும்தான் பகல் முழுவதும் நான்கு சுவருக்குள் இருப்பவர்கள். ஊரில் திண்ணையும் டீக்கடையும் கோயிலும் நூலகமும் நடை தூரத்தில் இருந்த ஒருவரை எட்டாவது மாடியில் கொண்டுவந்து வைத்துவிட்டால், வசதி எவ்வளவு இருந்தாலும் அவர் ஒடுங்கிப்போவார். நடந்து போகும் தூரத்தில் பூங்காவோ கோயிலோ கடைத்தெருவோ இருக்கும் வீடு கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் மேலானது. சென்னையில் வசிக்கும் 60 வயது கடந்தவர்கள் மாநகரப் பேருந்தில் மாதம் பத்து முறை இலவசமாகப் பயணம் செய்ய டோக்கன் பெறலாம். தனியாகக் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் தைரியத்தை அது அவர்களுக்குக் கொடுக்கும்.

குடிவந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை, அவசரத்துக்குப் போக வேண்டிய பெரிய மருத்துவமனை ஆகிய மூன்றையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கொண்டுவரப்பட்ட குடும்பங்கள்

புறநகருக்குப் போன எல்லோரும் தாமாகப் போனவர்கள் அல்லர். கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுவிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் 2000 முதல் ஓ.எம்.ஆர். பக்கமுள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. செம்மஞ்சேரிக்கு 2004 சுனாமியில் வீடிழந்தவர்களும், பெரும்பாக்கத்துக்கு 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரத்தவர்களும் வந்தார்கள். தலைக்கு மேல் கான்கிரீட் கூரை கிடைத்தது. வீட்டுவேலை, மீன் விற்பனை, சுமை தூக்குதல், பூ விற்பனை என்று அவர்கள் செய்துவந்த தொழில்கள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டிய பெண், விடிவதற்கு முன்பே பேருந்துக்கு நிற்க வேண்டியதாயிற்று. நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகளில் பலர் படிப்பை நிறுத்தினார்கள்.

வேலையும் பள்ளியும் பேருந்தும் கூடவே வராத வீடு குடும்பத்தைக் காப்பாற்றாது என்பதை இந்தக் குடியிருப்புகளின் அனுபவம் காட்டுகிறது. தாமாகக் குடிபெயரும் நடுத்தரக் குடும்பத்துக்கும் இதே விதிதான். நடுத்தரக் குடும்பத்துக்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்கிறது, மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு அது இல்லை. இனிமேல் மறுகுடியமர்வு செய்யும்போது பிழைப்பு இருக்கும் இடத்துக்கு அருகிலேயே வீடு கொடுப்பது அரசின் கடமை.

வாங்குவதற்கு முன்

வந்த வேகத்தில் மனையோ அடுக்குமாடி வீடோ வாங்கத் தூண்டும் விளம்பரங்கள் புறநகர் முழுவதும் உண்டு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாத மனையை வாங்கக் கூடாது. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு ஒப்புதல் இல்லாமல் பிரிக்கப்பட்ட மனைகளை வீட்டுமனையாகப் பதிவு செய்ய முடியாது. தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி, பணி நிறைவுச் சான்று, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். வங்கி கடன் கொடுக்கிறது என்பது மட்டுமே போதுமான சான்று ஆகாது. பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் விலைக்கு மேல் தனியாகத் தேவைப்படும். இந்த விகிதத்தில் 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு இதுவே நாலரை லட்சம்.

எந்தப் பகுதியாக இருந்தாலும் முதலில் அங்கே வாடகைக்கு இருந்து ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கோடையையும் கடந்து பார்க்க வேண்டும். மழையில் தெரு நிற்கிறதா, மே மாதத்தில் போர் வற்றுகிறதா, காலை எட்டு மணிக்குச் சாலை நகர்கிறதா, பிள்ளைக்குப் பள்ளி பிடித்திருக்கிறதா, பெரியவர்களுக்கு அக்கம்பக்கம் பழகிவிட்டதா என்ற ஐந்து கேள்விகளுக்கும் அந்த ஓராண்டில் பதில் கிடைத்துவிடும். ஐந்தும் சரியாக இருந்தால் அங்கேயே வேரூன்றலாம். இரண்டு தவறாக இருந்தாலும், அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கத் தயங்க வேண்டாம். வாடகை வீட்டை மாற்றச் சில ஆயிரம் ரூபாய் செலவாகும். தவறான இடத்தில் வாங்கிய வீட்டுக்கு இருபது ஆண்டு தவணை கட்ட வேண்டும்.